புயல் அடங்கிய வெளி

ஏ.ஆர். ரஹ்மான் அவர்களுக்குத் தமிழ் மக்கள் உவந்து சூட்டிய பட்டம் ‘இசைப்புயல்’ என்பதாகும். 1990களில் அப்பட்டம் அவருக்குப் பொருந்தியே இருந்தது. விரைவும் நெருக்கமும் எதிர்ப்பட்டதையெல்லாம் வாரிச் சுருட்டிச் செல்லும் வேகமும் அன்றைய அவர் பாடல்களில் இருந்தன. ஆயின், ஏறக்குறைய கடந்த 20 ஆண்டுகளாக அவர் இயற்றிவரும் இசையை அமைதியாக அமர்ந்து கேட்பவர்க்கு, அப்பட்டம் இன்று அவர்மேல் தளர்ந்து தொங்குவது விளங்கும். கருவிகள் குறைந்திருக்கின்றன. ஒலிக்கும் ஒலிக்கும் நடுவே இடம் பிறந்திருக்கிறது. குரல் தனித்து நிற்கிறது. ‘புயல் ஓய்ந்துவிட்டது, பழைய ரஹ்மான் இல்லை’ என்று வருந்துவோர் நம் இல்லங்களிலேயே பலர் உளர். அவ்வருத்தத்தில் நாம் பங்கு கொள்ளவில்லை. ஓய்ந்தது என்று அவர்கள் சொல்வதை, விரிந்தது என்று நாம் சொல்கிறோம். அவ்வாறு சொல்வதற்குரிய காரணங்களை இங்கு எடுத்துரைக்கலாம் என்றிருக்கிறோம்.

திரைப்படத்துக்கு இசையமைப்பவர் ஒருவரைப் பற்றி, அரபு மத்ரஸாவில் ஓதி வந்தவர்கள் எழுதலாமா என்று முகம் சுளிப்போர் இருக்கக்கூடும். இசைக்கருவிகள் ஆகுமானவையா என்பதில் இமாம்களிடையே உள்ள கருத்து வேற்றுமை நெடியது. தப்ஸுக்கு இசைவளித்து ஏனையவற்றை மறுத்தோர் உண்டு. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தம் ‘இஹ்யா’வில் செவியுறுதலின் ஒழுக்கங்களுக்கென்றே ஒரு பகுதியை ஒதுக்கி, கேட்பவர் யார், கேட்கப்படுவது எது, கேட்கும் நேரமும் இடமும் எவை என்றெல்லாம் பகுத்துப் பேசியிருப்பதை ஓதியோர் அறிவர். அந்த மஸ்அலாவை எடுத்துத் தீர்ப்புரைப்பது இக்கட்டுரையின் வேலையன்று. நம் பிள்ளைகள் இவ்விசையைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்பது மட்டும் உறுதி. அவர்கள் கேட்பது யாது, அதில் நம்முடையது எவ்வளவு என்பதைச் சொல்லவாவது ஒருவர் வேண்டுமன்றோ!

அவர் வரலாற்றைச் சுருங்கச் சொல்வோம். 1967ஆம் ஆண்டு ஜனவரி 6ஆம் நாள் சென்னையில் பிறந்தவர். தந்தை ஆர்.கே. சேகர், மலையாளத் திரைப்படங்களுக்கு இசையமைத்தவர். 1976இல் தந்தை மறைந்தபோது மைந்தருக்கு வயது 9. தந்தை விட்டுச்சென்ற இசைக்கருவிகளை வாடகைக்கு விட்டு அக்குடும்பம் நாள் கழித்தது. இளமையிலேயே பெரிய இசையமைப்பாளர்களின் குழுக்களில் கீபோர்டு வாசித்தார். 1980களின் இறுதியில் அவரும் குடும்பத்தாரும் காதிரிய்யா தரீக்காவின் ஷெய்கு ஒருவரின் வழிகாட்டலால் தீனுல் இஸ்லாத்தைத் தழுவினர். 1989இல் கோடம்பாக்கத்துத் தம் வீட்டின் புறத்தே ‘பஞ்சதன் ரெக்கார்டு இன்’ என்னும் ஒலிப்பதிவுக் கூடத்தை நிறுவினார். ‘ரோஜா’வுக்கு முன்பே ‘தீன் இசை மாலை’ என்ற தமிழ் இஸ்லாமியப் பாடல் தொகுப்புக்கு அவர் இசையமைத்தார் என்பதை நம்மவரிலும் பலர் மறந்துவிட்டனர். திரையுலகம் அவரைக் கண்டெடுக்குமுன் நம் பாடல்களில்தான் அவர் கை பழகியது.

1992 ஆகஸ்டு 15இல் வெளிவந்த ‘ரோஜா’ தமிழ்ச் செவிகளுக்குச் செய்தது என்ன என்பதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். அதற்கு முன் சென்னையில் ஒரு பாடல் பதிவாகும் முறை வேறு. பெரிய கூடத்தில் வயலின்காரர்களும் தபேலாக்காரரும் குழல்காரரும் பாடகரும் ஒருங்கே அமர்ந்து, ஒரே மூச்சில் வாசித்து முடிப்பார்கள். ஒருவர் பிழை செய்தால் எல்லோரும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். அம்முறையின் அழகு, மனிதர் பலர் ஒரே அறையில் மூச்சு விடும் அழகு. அதன் குறை, ஒருவர் ஒலி மற்றவர் ஒலிவாங்கியில் கசிந்து கலங்கிவிடுவது. ரஹ்மான் இம்முறையைத் தம் சிறு கூடத்துக்கேற்ப மாற்றினார். ஒவ்வொரு கருவியையும் தனித்தனியே பதிந்தார். தாளத்தைக் கணிப்பொறியில் கோத்தார். பின்னர், தேசிய விருதுகள் பல பெற்ற ஒலிப்பொறியாளர் எச். ஸ்ரீதர் போன்றோரின் துணையுடன் அவற்றை ஒன்றாக இணைத்தார். தேநீர்க்கடை ஒலிபெருக்கியில்கூடக் கீழ்த்தாயி ஒலி தெளிந்து கேட்டது. மின்மினி பாடிய ‘சின்னச் சின்ன ஆசை’யில் எந்த ஒலி எங்கிருந்து வருகிறது என்று விரல் நீட்டிக் காட்டலாம் போலிருந்தது. கருவியொலிகள் கழுவித் துடைத்து அடுக்கிய பாத்திரங்கள்போல் விளங்கின என்று சொன்னால் மிகையாகாது. ஆக, தூய்மை அவரிடம் முதலிலேயே இருந்தது. வெளிதான் இல்லை.

இவ்விரண்டையும் வேறுபடுத்திக் காண்பது நம் வாதத்துக்கு இன்றியமையாதது. தூய்மை என்பது ஒவ்வோர் ஒலியும் அழுக்கின்றி இருப்பது. வெளி என்பது ஒலிகளுக்கு நடுவே ஒன்றுமில்லாமல் விட்டிருப்பது. முன்னது பொறியால் வரும். பின்னது மனத்தால்தான் வரும்.

தனித்தனியே பதியும் முறை தரும் வசதி ஒரு சோதனையும் ஆகும். இன்னும் ஒன்று சேர்க்கலாமே என்ற ஆசைக்கு அங்கே தடையில்லை. வாசிப்போர்க்குக் கூலி கொடுத்த காலத்தில் ஐம்பதாவது வயலினைச் சேர்க்கக் காசு கணக்குப் பார்க்க வேண்டியிருந்தது. கணிப்பொறியில் ஐம்பதாவது ஒலிக்கு ஒரு பொத்தான் போதும். ‘ரோஜா’வுக்கு முன் அவர் விளம்பரப் படங்களுக்கு ஏராளமாக இசையமைத்தவர் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். சில நொடிகளுக்குள் செவியைப் பிடித்தாக வேண்டிய தொழில் அது. அந்நெருக்கம் 1994இன் ‘காதலன்’ படத்து ‘முக்காபுலா’விலும், 1995இன் ‘பம்பாய்’ படத்து ‘ஹம்மா ஹம்மா’விலும், 1998இன் ‘தில் சே’ படத்து ‘சைய்யா சைய்யா’விலும் உச்சத்தைத் தொட்டது. இவற்றை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ‘சைய்யா சைய்யா’வின் வேர், பஞ்சாபின் ஸூஃபி ஞானி புல்லே ஷாஹ் அவர்களின் பாட்டில் இருக்கிறது. ஆயினும், ஓடும் ரயிலின் கூரைமேல் ஆடுவோரின் கால்களையும் தாளத்தின் அடுக்குகளையும் தாண்டி அந்த ஞானியின் சொல்லைத் தேடிப் பிடிக்கச் செவி பாடுபட வேண்டியிருக்கிறது.

எம். புதுப்பட்டியிலும் அதைச் சூழ்ந்த சிவகாசி வட்டாரத்திலும் வாழும் எங்களுக்கு ஓசையின் இயல்பைப் பிறர் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மருந்தைத் தரையில் கொட்டிக் கொளுத்தினால் அது புஸ்ஸென்று எரிந்து போகும். அதே மருந்தைப் பெட்டியில் இட்டுச் சணலை இறுக்கிச் சுற்றிவிட்டால் அது வெடிக்கும். சுற்று இறுக இறுக முழக்கம் பெருகும். ஓசை பிறப்பது நெருக்கத்தினால்தான். ஒலிப்பதிவுக் கூடங்களிலும் இதே வேலைதான் நடக்கிறது. பாட்டின் மெல்லிய இடங்களையும் உரத்த இடங்களையும் அமுக்கி ஒரே உயரத்துக்குக் கொண்டுவந்து, முழுவதையும் உரக்க ஒலிக்கச் செய்யும் கருவி உண்டு. உலகெங்கும் 1990களிலிருந்து இசைத்தட்டுகள் இவ்வாறு இறுகிக்கொண்டே வந்தன. பட்டாசுக்காவது நான்கு மீட்டர் தொலைவில் 125 டெசிபலுக்கு மிகக் கூடாது என்று அரசு எல்லை வகுத்திருக்கிறது. 2018இல் உச்சநீதிமன்றமும் தலையிட்டுப் பசுமைப் பட்டாசே செய்ய வேண்டும் என்றது. பாட்டுக்கு எல்லை வகுப்பார் எவருமிலர். பாடுவோரே தமக்கு வகுத்துக்கொண்டாலன்றி.

ரஹ்மான் வகுத்துக்கொண்டார். எந்நாளில் என்று ஒரு தேதி குறிக்க இயலாது. 1995இன் ‘பம்பாய்’ படத்திலேயே நவீன் குமாரின் குழல் தனித்தெழும் அந்தப் புகழ்பெற்ற இசைத்துண்டில் வெளியின் முதல் தோற்றம் தெரிகிறது. கலவரத்தைப் பற்றிய படமொன்றில், தன்னந்தனியே ஒலிக்கத் தொடங்கும் குழல் அது. ஆயினும் அது பாட்டன்று. சொல் அங்கே இல்லை. சொல்லுக்கு வழிவிட்டுக் கருவிகள் ஒதுங்கி நிற்பதை நாம் முதன்முதலாகத் திருத்தமாகக் கேட்டது அவருடைய பக்திப் பாடல்களில்தான். 2000இன் ‘ஃபிஸா’வில் ‘பியா ஹாஜி அலி’, 2005இன் ‘போஸ்’ படத்தில் ‘ஸிக்ர்’ என்று இவ்வரிசை வளர்ந்து, 2008இல் ‘ஜோதா அக்பர்’ படத்து ‘க்வாஜா மேரே க்வாஜா’வில் முழுமை பெற்றது. அப்பாடலைப் பாடியவர் அவரே. பயிற்சி பெற்ற பெரும் பாடகரின் குரலன்று அது. சற்றே தளர்ந்த, கெஞ்சும் குரல். உடன் வருவன ஹார்மோனியமும் கைத்தட்டலும் மெல்லிய தாளமும், பின்பாட்டுக்காரரும். நூறு அடுக்குகளைக் கோக்கத் தெரிந்தவர், அஜ்மீர் தர்காவின் முற்றத்தில் அமரும் ஃபகீர் ஒருவரிடம் இருக்கக்கூடிய அளவோடு நிறுத்திக்கொண்டார். அதே தொகுப்பில் இம்மெட்டை ஓபோ என்னும் மேனாட்டுக் குழலில் தனியே வாசிக்கச் செய்தும் தந்திருக்கிறார். சொல்லை நீக்கிய பின்னும் மெட்டு நிற்கிறதா என்று தம்மையே சோதித்துப் பார்த்தார் போலும்.

திரைப்படங்களுக்கு அவர் செய்யும் பிற பாடல்களில் வெளி பரவியது இதற்குப் பின்னரே என்பது நம் செவிக்குப் படும் உண்மை. 2014இன் ‘ஹைவே’ படத்தில் வரும் தாலாட்டைக் கேட்டுப் பாருங்கள். 2015இன் ‘ஓ காதல் கண்மணி’யைக் கேட்டுப் பாருங்கள். மின்னணுக் கருவிகள் அவரை விட்டுப் போகவில்லை. இவை யாவும் கணிப்பொறி வழியே வந்தவைதாம். பொறி மாறவில்லை, பொறியிடம் கேட்கப்படும் வேலை மாறியது. மேனாட்டில் இதற்கு ஒப்பான செய்திகள் உண்டு. இங்கிலாந்தின் பிரையன் ஈனோ, விமான நிலையத்தில் காத்திருப்போருக்கென்று 1978இல் ஓர் இசைத்தட்டு வெளியிட்டார். மின்னணு இசையில் அமைதியை நாடியோர்க்கு அது முன்னோடி. எஸ்தோனியா நாட்டின் ஆர்வோ பேர்ட்டோ, நெருக்கமான நவீன இசையை எழுதிக் களைத்து, சில ஆண்டுகள் ஏறத்தாழ வாய்மூடி, தம் சமயத்தின் பழைய ஓதல் முறைகளில் மூழ்கி, 1976இல் மிகச் சில சுரங்களாலான புதிய இசையோடு வெளிவந்தார். ரஹ்மானுக்கு நெருங்கியவர் இப்பிந்தியவரே என்று நாம் கருதுகிறோம். இருவரும் வெளியைக் கண்டெடுத்த இடம் வழிபாடு.

மத்ரஸாவில் தஜ்வீது ஓதியோர்க்கு இது புதுமையாகத் தோன்றாது. எழுத்தைச் சொல்லக் கற்பதோடு, நிறுத்தக் கற்பதும் கிராஅத்தில் ஒரு கல்வியாகும். வக்ஃபு என்பது மூச்சு விட்டு நிறுத்துவது. ஸக்தா என்பது மூச்சு விடாமல், ஒரு கணம் ஒலியை மட்டும் அறுத்து நிற்பது. ஹஃப்ஸ் அவர்களின் ரிவாயத்தில் ஸக்தா வரும் இடங்கள் நான்கு: ஸூரத்துல் கஹ்ஃபின் தொடக்கத்தில், யாஸீனில், கியாமாவில், முதஃப்ஃபிஃபீனில். கஹ்ஃபில் ‘கோணல்’ என்னும் பொருளுடைய சொல்லையும் ‘நேரானது’ என்னும் பொருளுடைய சொல்லையும் அடுத்தடுத்து ஓதிவிட்டால், ஒன்று மற்றொன்றன் அடைபோல் ஒட்டிக்கொள்ளும். அச்சிறு மௌனம் இரண்டையும் பிரித்து வைக்கிறது. யாஸீனில், தம்மைத் துயிலிடத்திலிருந்து எழுப்பியது யார் எனக் கேட்போரின் பேச்சும் அதற்கு வரும் மறுமொழியும் ஒருவர் வாய்ப்பேச்சாகிவிடாமல் காப்பதும் அதுவே. ஆக, அங்கே மௌனம் பொருள் தருகிறது. அலங்காரத்துக்காக வந்ததன்று. சிறுவர்கள் முதலில் ஓதும்போது இவ்விடங்களை விரைந்து தாண்டிவிடுவார்கள். எழுத்துகளைச் சரியாகச் சொன்ன பின்னும் அவர்கள் ஓதலில் ஏதோ குறைவதுபோல் இருக்கும். நிற்கக் கற்ற நாளில்தான் அது ஓதலாகிறது.

இவ்வளவும் சொன்னது ஒரு பாட்டுக்காக. ‘ஓ காதல் கண்மணி’ படத்தில் ‘மௌலா வ ஸல்லிம்’ என்றொரு பாடல் உண்டு. பாடியவர் அவருடைய மகன் ஏ.ஆர். அமீன், அப்போது சிறுவர். ஸலவாத்தின் அச்சொற்கள் நமக்குப் புதியனவல்ல. இமாம் பூஸீரி (ரஹ்) அவர்கள் 13ஆம் நூற்றாண்டில் மிஸ்ரு நாட்டில் பாடிய கஸீதத்துல் புர்தாவை ஓதும்போது, சபையோர் எல்லோரும் சேர்ந்து இடையிடையே சொல்லும் பைத்தைச் சார்ந்தவை. வாதத்தால் உடல் ஒருபுறம் செயலிழந்த புலவர், கனவில் நாயகம் (ஸல்) அவர்கள் தம் போர்வையை மேலே போர்த்தக் கண்டு நலம் பெற்றெழுந்த வரலாற்றை நம் வீட்டுப் பெண்மணிகளும் அறிவர். அந்தக் கஸீதா அமைந்திருக்கும் யாப்புக்கு அரபியில் ‘பஸீத்’ என்று பெயர். அகன்றது, விரித்து வைக்கப்பட்டது என்பது அச்சொல்லின் பொருள். பெயருக்கேற்ப அதன் அடிகள் நீண்டு, ஓதுவோர் நெஞ்சில் காற்று நிறையும்படி நடப்பவை. அதை விரைவு தாளத்தில் கட்டினால் அடி முறியும்.

ரஹ்மான் கட்டவில்லை. சிறுவனின் குரல், அதன் பின்னே தொலைவில் விரிந்து நிற்கும் ஒரு மெல்லிய நாதம், அவ்வளவே. முழவுகளின் ஆரவாரம் இல்லை. மின்னணுக் கருவி ஒன்று இங்கே செய்யும் வேலை, ஒரு பழைய பள்ளிவாசலின் குவிமாடம் செய்யும் வேலை: குரலை ஏந்திக்கொண்டு, சற்று நேரம் வைத்திருந்து, மெல்லக் கீழே விடுகிறது. காதலர் இருவர் திருமணம் வேண்டாம் என்று ஒரே வீட்டில் வாழும் கதையமைந்த படத்தில் இப்பாடல் வந்திருப்பது நமக்கு உவப்பானதன்று. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் படத்திலிருந்து பிரித்தெடுத்துக் கேட்டால், நம் காலத்தில் பதிவான ஸலவாத்துப் பாடல்களில் அடக்கம் மிகுந்தது இதுவெனத் துணிந்து சொல்லலாம்.

இன்னொன்றும் கருதத்தக்கது. நெருக்கம் பிழையை மறைக்கும். வெளி பிழையைக் காட்டிக்கொடுக்கும். இருபது கருவிகள் முழங்கும்போது ஸாதும் ஸீனும் ஒன்றாய்ப் போனாலும் எவர் செவியிலும் விழாது. ழகரமும் லகரமும் குழம்பினாலும் அப்படியே. ரஹ்மானின் பழைய தமிழ்ப் பாடல்கள்மீது தமிழாசிரியர்கள் சொல்லிவந்த குறை நியாயமானது: வடக்கிலிருந்து வந்த பாடகர் வாயில் தமிழ் நசுங்குகிறது, கருவிகளோ அதைப் போர்த்திக் காப்பாற்றுகின்றன என்றார்கள். சுற்றிலும் ஒன்றுமில்லாத இடத்தில் குரலை நிறுத்துபவர் அப்போர்வையைக் களைந்தவராவார். மக்ரஜ் சரியில்லையேல் அக்கணமே தெரிந்துவிடும். வெளியை நாடுவது ஓய்வெடுப்பதாகாது; அது துணிவு வேண்டும் காரியம்.

இனி, உடன்பட இயலாத இடங்களையும் சொல்லியாக வேண்டும். 2004இல் எம்.எஃப். ஹுசைனின் ‘மீனாக்ஷி’ படத்தில் ‘நூருன் அலா’ என்ற கவ்வாலிக்கு ரஹ்மான் இசையமைத்திருந்தார். அதில் திருமறையின் சொற்கள் எடுத்தாளப்பட்டதை உலமாக்கள் கண்டிக்க, படம் திரையரங்குகளிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. 2011இல் ‘ராக்ஸ்டார்’ படத்துக்காக ‘குன் ஃபயகூன்’ வந்தது. நிஜாமுத்தீன் அவ்லியா தர்காவில் படமாக்கப்பட்ட அப்பாடலை உருகி நேசிக்கும் இளைஞர்கள் நம்மிடையே ஏராளம். அழகில் அதற்குக் குறைவில்லை. ஹார்மோனியமும் கிதாரும் குரல்களைத் தாங்கி மெல்ல மெல்ல ஏறும் முறையில், வெளியைக் கையாளும் தேர்ச்சி தெரிகிறது. ஆனால் இறைவசனத்துக்கு ஓதல் இலக்கணம் உண்டு. தாளத்துக்கு அங்கே இடமில்லை. எங்கே நீட்டுவது, எங்கே நிற்பது என்பதை மெட்டு தீர்மானித்துவிட்டால், அவ்வசனம் பாட்டின் ஓர் உறுப்பாகிவிடுகிறது. பூஸீரியின் கஸீதா மனிதர் இயற்றியது. அதற்கு மெட்டமைப்பதில் நமக்குத் தடையில்லை. வசனத்தின் நிலை வேறு. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள கோட்டை ரஹ்மானின் செவி எப்போதும் காண்கிறது என்று நம்மால் சொல்ல முடியவில்லை. 2015இல் ஈரானின் மஜீத் மஜீதி எடுத்த நபிகளாரின் இளமைக்காலப் படத்துக்கு இசையமைத்ததற்காக மும்பையில் அவர்மீது ஃபத்வா பிறந்தபோது, தாம் நல்லெண்ணத்தோடு செய்ததாகவும், தாம் ஆலிம் அல்லர் என்றும் அவர் பணிவாக மறுமொழி எழுதினார். வசை பாடியவர்களைவிட அம்மறுமொழி மார்க்கத்தின் ஒழுக்கத்துக்கு நெருங்கியதாக இருந்தது என்பது நம் கருத்து.

கலையின்பால் ஒரு குறையும் உண்டு. வெளி ஒரு வழக்கமாகிவிட்டால் அதுவும் அலுக்கும். அண்மை ஆண்டுகளின் பாடல்கள் சிலவற்றில், காலியிடம் இருக்கிறது. அதில் நிற்க வேண்டிய மெட்டு இல்லை. தொலைவிலிருந்து நாதம் மிதந்து வருகிறது, குரல் முணுமுணுக்கிறது, பாட்டு முடிந்துவிடுகிறது. இரண்டாம் நாள் ஒரு வரியும் நினைவில் நிற்பதில்லை. நாம் அவற்றின் பெயரைச் சொல்லாமல் விடுவது, கேட்போரே கண்டுகொள்வர் என்பதால்.

இதற்கு எதிர்ச்சான்றாக இரண்டைச் சொல்லலாம். ஒன்று, 2009இன் ‘டெல்லி 6’ படத்து ‘ரெஹ்னா தூ’. அதன் இறுதியில் ‘கன்டினியூம்’ என்னும் மின்னணுக் கருவியை அவரே வாசித்தார். கீபோர்டின் கட்டைகள் ஒவ்வொன்றும் ஒரு சுரத்தில் பூட்டப்பட்டவை. நம் இசையின் உயிரான கமகத்துக்கும், பாங்கொலியின் நெளிவுக்கும் அங்கே வழியில்லை. கன்டினியூமுக்குக் கட்டைகளே இல்லை. விரல் வழுக்கிச் செல்லும் ஒரே பரப்பு. சுரத்துக்கும் சுரத்துக்கும் நடுவிலுள்ள இடத்தை மின்னணுக் கருவியிலேயே அவர் தேடிப் போனார் என்பதற்கு அது கரி. மற்றொன்று, 2024இல் வெளிவந்த மலையாளப் படம் ‘ஆடுஜீவிதம்’. சவூதியின் பாலைநிலத்தில் ஆட்டுப்பட்டியில் அடிமைபோல் சிக்கிய கேரளத்து முஸ்லிம் தொழிலாளி ஒருவரின் கதை. கடல் கடந்து பிள்ளைகளை அனுப்பிவிட்டுத் தொலைபேசிக்காகக் காத்திருக்கும் குடும்பங்கள் நம்மிடையே எத்தனை! அப்படத்தின் ‘பெரியோனே’ பாடல், தனித்த மனிதன் ரஹ்மானாகிய இறைவனை அழைக்கும் அழைப்பு. சுற்றிலும் மணலன்றி வேறில்லாதவன் அழைத்தால் எப்படி ஒலிக்குமோ அப்படி ஒலிக்கிறது. இங்கே வெளி மெட்டைத் தின்னவில்லை. மெட்டுக்கு நிலமாக விரிந்து கிடக்கிறது.

இனி நம் வீட்டுக்கு வருவோம். நாகூர் இ.எம். ஹனிஃபா அவர்கள் 2015 ஏப்ரலில் மறைந்தார். ஒலிபெருக்கி இல்லாமலேயே கூட்டத்தின் கடைசி வரிசையை எட்டும் குரல் அவருடையது. அவர் பாடல்களில் எந்தச் சொல்லும் நசுங்கியதில்லை. தமிழறியாச் சிறுவனும் எழுதிக்கொள்ளலாம். அதற்குப் பின் வந்த நம் பக்திப் பாடல்கள் சென்ற திசை யாது? ரஹ்மான் நெருக்கத்திலிருந்து வெளிக்கு வந்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில், நாம் வெளியிலிருந்து நெருக்கத்துக்குப் போனோம். அவர் 1994இல் விட்டுவந்த தாள அடுக்குகளை நம் பாடகர்கள் இன்று புதையல்போல் எடுத்துப் போட்டுக்கொள்கிறார்கள். நபிபுகழ் பாடும் பைத்துக்குத் திருமண ஊர்வலத்துத் தாளம். கந்தூரி மேடையில் எக்கோவை முழுதும் ஏற்றி, ஓர் எழுத்து முடியுமுன் அதன் எதிரொலி அடுத்த எழுத்தின்மேல் விழுமாறு செய்கிறார்கள். மௌலிது மஜ்லிஸில் ஒருவர் ஓத மூவர் ஒலிவாங்கியைப் பிடித்திருக்கிறார்கள். புர்தாவின் நீண்ட அடி இவற்றுக்கிடையே மூச்சு முட்டி நிற்கிறது. குணங்குடி மஸ்தான் சாஹிபு அவர்களின் பாடல்களைக்கூட இவ்வாறு பதிவு செய்யக் கேட்டிருக்கிறோம். தனிமையை நாடிச் சென்ற அந்த ஞானியின் சொல்லைச் சுற்றிச் சந்தை இரைச்சல்.

‘பணமில்லை, ரஹ்மானைப் போல் கூடம் கட்ட எங்களால் ஆகுமா’ என்று நம் பாடகர்கள் கேட்கலாம். தாள அடுக்குகளுக்கும் எக்கோவுக்கும் கொடுக்கும் காசை மிச்சப்படுத்தச் சொல்கிறோமேயன்றிச் செலவழிக்கச் சொல்லவில்லை. வெளிக்கு விலையில்லை. வருகின்ற ரபீஉல் அவ்வலில் புர்தா மஜ்லிஸை நடத்துவோர், ஒரே ஒலிவாங்கியை வைத்து, எக்கோவின் திருகை முழுதும் இறக்கிவிட்டு, ஓதத் தெரிந்த சிறுவன் ஒருவனை முன்னே அமர்த்திப் பார்க்கட்டும். ஜவாபு பைத்தை மட்டும் சபையோர் எல்லோரும் சேர்ந்து சொல்லட்டும். சிறுவன் அடியின் இறுதியில் நிற்கும்போது, அவனோடு சேர்ந்து சபையும் நிற்கட்டும்.